வளைவில் மூன்று பழம்

மார்ச் 3, செவ்வாய்

நகராட்சியிலிருந்து பதில் வந்துவிட்டது. பொன்மகள் நகர் விரிவு, இரண்டாம் தெரு வளைவில் வேகத்தடை கேட்டு நான் கொடுத்த மனு "பரிசீலனையில் உள்ளது". கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்த காலத்தில் நானே எத்தனையோ பேருக்கு இந்தப் பதிலை எழுதியிருக்கிறேன். அதனால் இதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும்.

பாதாளச் சாக்கடைக்காகப் பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டதிலிருந்து ஊரிலுள்ள வண்டியெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. மினிபஸ், தண்ணீர் லாரி, பள்ளிக்கூட வேன், அதோடு காதில் எதையோ மாட்டிக்கொண்டு பறக்கிற பையன்கள். எங்கள் வீடு சரியாக வளைவில் இருக்கிறது. வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பது எங்கள் காலத்தோடு போய்விட்டது போலிருக்கிறது.

குழலிக்குக் கை வீக்கம் வற்றிவிட்டது. கட்டையும் பிரித்தாகிவிட்டது. இனி ஆடப் போகலாமே என்றேன். "பாக்கலாம்" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டும். தணிக்கைக் குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு விவரம் இல்லாமல் எழுத வராது.

என் மனைவியின் முழுப்பெயர் மட்டுவார்குழலி. எதிர்ப்புறக் காலி மனையில் தெருப் பெண்கள் வலை கட்டி ஷட்டில் ஆடுகிறார்கள். தினமும் காலையில் குழலியும் ஷூ மாட்டிக்கொண்டு போவாள். அறுபது தாண்டியவள் ஆடுகிற ஆட்டமா அது என்று பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவள் அடித்த பந்தை, கூட ஆடுகிற ஜெயசீலி டீச்சர் ஒரு முறைகூட எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

போன மாதம் மட்டையும் கையுமாக ரோட்டைக் கடந்தபோது ஒரு பையனின் பைக் கைப்பிடி இடித்து விழுந்துவிட்டாள். மணிக்கட்டு பிசகிவிட்டது. அவன் திரும்பிப் பார்த்து, "பாத்துப் போங்க ஆன்ட்டி" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து கேட் வரை வருகிறாள், ரோட்டைப் பார்க்கிறாள், உள்ளே போய்விடுகிறாள். கேட்டால் முட்டி வலி என்கிறாள். நாள் முழுவதும் வீட்டில் இருந்துகொண்டு என் அலமாரியை ஒழுங்குபடுத்துகிறாள். என் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அவள் மறுபடி ஆடப் போக வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

காலையில் பந்தடிக்கும் சத்தம் இல்லாமல் பேப்பர் படிக்க முடியவில்லை. அது பழக்கதோஷம்.

மார்ச் 8, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் நான். தலைவர் மருதை, கட்டட காண்ட்ராக்டர். நகராட்சியை நம்பிப் பயனில்லை, செலவில்லாமல் நாமே ஏதாவது செய்வோம் என்று பேசினேன்.

"நாளைக்கே வேகத்தடை போட்டுருவோம் சார். எங்கிட்ட மிச்ச ஜல்லி கெடக்கு" என்றார் மருதை.

மார்ச் 10, செவ்வாய்

மருதை போட்டது வேகத்தடை இல்லை. மதில் சுவர். மினிபஸ் முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறவில்லை. பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். காய்கறிக்காரரின் தள்ளுவண்டி இந்தப் பக்கமே நின்றுவிட, அவர் அந்தப் பக்கம் போய் "தக்காளி" என்று கூவிவிட்டு வந்தார்.

மாலையில் நகராட்சி ஜேசிபி வந்து பெயர்த்துப் போட்டது. என் மனுவுக்கு இத்தனை வேகம் காட்டியிருந்தால் ஜேசிபி வரவே தேவையிருந்திருக்காது.

மார்ச் 14, சனி

வளைவில் எதிரே வருவது தெரியட்டும் என்று குவிந்த கண்ணாடி ஒன்று கம்பத்தில் மாட்டினோம். பையன்கள் நிற்கிறார்கள். தலை வாருகிறார்கள். மறுபடி பறக்கிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

வேகத்தைக் குறைக்க நேற்று ரோட்டோரம் வைத்த பூந்தொட்டிகளைக் காணவில்லை. கண்ணாடியையும் காணவில்லை.

மார்ச் 18, புதன்

அமாவாசை. மருதை தன் புது லாரிக்குத் திருஷ்டி சுற்றி நட்ட நடு ரோட்டில், என் வீட்டு வளைவில், பூசணிக்காய் உடைத்தார். குங்குமம் கலந்த சோறு போல நாலா பக்கமும் சிதறிக் கிடந்தது. ஸ்கூட்டர்காரன் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"ஒடைக்காம விட்டா என் லாரிக்கு யார் சார் பொறுப்பு?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். அப்பா எனக்கு இங்கர்சால் என்று பெயர் வைத்தார். சாமி இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய அமெரிக்கர் ஒருவரின் பெயர். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை, மாலை மாற்றிக்கொண்டதோடு சரி. குழலி மட்டும் ஒரு சின்னப் பிள்ளையாரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். அரிசி எடுக்கப் போகும்போது நான் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிடுவேன். அந்த இடத்தில் தரை வழுக்கும்.

மார்ச் 19, வியாழன்

இன்று காலை கேட்டில் நின்று பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கை காட்டினாலும் நிற்காத மினிபஸ் வளைவில் வந்து, பூசணிக்காயைப் பார்த்து, நடந்து போகிற வேகத்துக்கு வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி முன்சக்கரத்தை ஒதுக்கினார். பின்சக்கரமும் படாமல் போகிறதா என்று கண்டக்டர் தொங்கிக்கொண்டே பார்த்தார். அடுத்து தண்ணீர் லாரி. மாமியார் வீட்டுக்குள் நுழைகிற புது மருமகன் போல அத்தனை பணிவு. பைக் பையன் ஒருவன் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நடத்திக்கொண்டு போனான். காதில் மாட்டியிருந்ததைக்கூடக் கழற்றிவிட்டான்.

ஜல்லிக்கும் கண்ணாடிக்கும் அசையாதவர்கள் பூசணிக்காய்க்கு அசைகிறார்கள். நாட்டை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பகல் முழுவதும் யோசித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

பூசணிக்காய் வழுக்கும், பொதுநலனுக்கு ஆகாது. எலுமிச்சம்பழம் சிறியது, யாரையும் வழுக்கி விடாது.

குழலி எழுவதற்கு முன்பே பிரிட்ஜிலிருந்து ஒரு பழம் எடுத்து, இரண்டாக வெட்டி, அவள் குங்குமச் சிமிழிலிருந்து குங்குமம் தடவி வளைவில் வைத்துவிட்டு வந்தேன். இது முழுக்க முழுக்க ஓர் அறிவியல் சோதனை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கழுத்து வலி. வந்து கால் கழுவிக்கொண்டேன். தெருவெல்லாம் ஒரே தூசி.

காலை முழுவதும் ஒரு வண்டிகூட வளைவில் பறக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

ஒரு பழத்தில் ஒரு குறை தெரிந்தது. எல்லாரும் ஒரே பக்கமாக ஒதுங்குகிறார்கள், அதுவும் எங்கள் கேட்டை ஒட்டி. வெளிநாட்டில் ரோட்டின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திட்டுக் கட்டி வண்டியை நெளிந்து போக வைப்பார்களாம். மகள் அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். அங்கே கல்லும் சிமெண்டும் வேண்டும். இங்கே மூன்று பழம் போதும். இடது, வலது, இடது.

மினிபஸ் நெளிந்து நெளிந்து போனதை எல்லாரும் பார்த்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

"ஏங்க, எலுமிச்சம்பழம் வாங்கி வச்சா நிக்கவே மாட்டேங்குது" என்றாள் குழலி. வெயில் காலம், நிறைய ஜூஸ் குடிக்கிறேன் என்றேன்.

மார்ச் 25, புதன்

மருதை வியர்வை வழிய வந்தார்.

"தெருவுக்கு யாரோ வச்சுட்டாங்க சார். தெனம் காலைல பழம் கெடக்கு. மொதல்ல ஒண்ணு, இப்ப மூணு. எனக்கு என் மச்சான் மேலதான் சந்தேகம். என் மாடியில குடியிருக்கவங்க வீட்டக் காலி பண்றேங்கறாங்க."

ஜெயசீலி டீச்சரும் வந்தார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லண்ணே. வேதத்துல எடமும் இல்ல. ஆனா எதுக்கு வம்புன்னு ஓரமா போயிடறது" என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவசரக் கூட்டம் போட்டோம். பழத்தை யார் அப்புறப்படுத்துவது என்று கேள்வி வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் சார் நம்பிக்கை இல்லாதவரு. ஒங்கள ஒண்ணும் பண்ணாது" என்றார் மருதை. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானே மினிட்ஸ் எழுதினேன்.

மார்ச் 27, வெள்ளி

விடிவதற்கு முன் வைக்கிறேன். காலை நெரிசல் ஓய்ந்ததும் சங்கத் தீர்மானப்படி எடுக்கிறேன். செலவு செய்தவனே தணிக்கையும் செய்யக் கூடாது என்று எத்தனை சங்கங்களுக்கு ஆட்சேபணை எழுதியிருக்கிறேன். என் நிலைமை இப்படி ஆகிவிட்டது.

எடுப்பதற்கு முறமும் நீளமான குச்சியும் வைத்திருக்கிறேன். கையால் தொடுவதில்லை. சுகாதாரம்தான் காரணம். தெருவே ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. "சார் நெஞ்சழுத்தக்காரரு" என்று மருதையின் மனைவி சொன்னாராம்.

பழம் வீணாகிறதே என்று ஜூஸ் போட நினைத்தேன். குங்குமச் சாயம் வயிற்றுக்கு ஆகாது என்பதால் போடவில்லை. குங்குமம் தடவாத பழமும் ஒன்று மீந்திருந்தது. அதையும் போடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

குழலியைக் கேட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். வண்டிகள் எப்படி அடங்கி ஒடுங்கிப் போகின்றன பார், இனி என்ன பயம், எதிர்ப்புறம் எல்லாரும் உனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றேன். உள்ளே போய் ஷூ மாட்டிக்கொண்டு, மட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு மனம் நிறைந்துபோனது.

கேட்டைத் திறந்தாள். பழத்தைப் பார்த்தாள். கேட்டைச் சாத்தினாள்.

"நான் வரல."

"ஏன், வண்டிதான் மெதுவா போகுதே?"

"வண்டி இடிச்சா என் கையோட போச்சு. அத மிதிச்சா குடும்பத்துக்கே ஆகாது. ஒங்களுக்கு வெளங்காது, விடுங்க."

"அது வெறும் பழம் குழலி."

"அப்படின்னா நீங்க தாண்டிப் போயிட்டு வாங்க, பாக்கறேன்."

எனக்கு ஒரு போன் வர வேண்டியிருந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் அடக்கிவிட்டேன். யாருக்காக அடக்கினேனோ அவளும் அடங்கிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. பழமொழிதான், வேறொன்றுமில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மருதை கொல்லிமலைப் பக்கமிருந்து சடையன் என்பவரை வரவழைத்தார். வைத்ததை எடுப்பதில் பேர்பெற்றவராம். தெருவே கூடி நின்றது. குழலி கேட்டுக்கு உள்ளே நின்றாள்.

சடையன் பைக்கில் வந்தார். பறந்து வந்தார் என்றுதான் எழுத வேண்டும். வளைவில் திரும்பியவர் பழத்தைப் பார்த்ததும் இடது ஒடித்தார், வலது ஒடித்தார், மூன்றாவதற்கு ஒடிக்க முடியாமல் மருதையின் மணல் குவியலில் போய்ப் புகுந்தார். நல்லவேளை அடியில்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு பழங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வச்சவன் லேசுப்பட்ட ஆளில்ல. வரிசையப் பாருங்க. எடது, வலது, எடது. இது வழி கட்டுற மொற. எங்க தாத்தன் காலத்துக்கப்புறம் இப்பத்தான் பாக்கறேன். கைதேர்ந்தவன்."

என் பணிக்காலம் முழுவதும் எந்த மேலதிகாரியும் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை எழுதியதில்லை.

பிறகு எதையோ புதைத்தார், எதையோ எரித்தார். கடைசியில் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "கட்டிட்டேன். இனிமே தைரியமா நடமாடுங்க. மீறி வச்சான்னா அவன் வீட்டுப் பொம்பளைக்குத்தான் திரும்பும்."

நான் இதை நம்பவில்லை. நம்புவதற்கு இதில் என்ன இருக்கிறது.

ஆனால் நாளை முதல் பழம் வைப்பதாக இல்லை. விலை மிகவும் ஏறிவிட்டது.

ஏப்ரல் 1, புதன்

குழலியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு முட்டாள் தினம்னு எனக்கும் தெரியும்" என்றாள்.

கையை நீட்டிக் காட்டினேன். நகக்கண்ணில் குங்குமம் இன்னும் போகவில்லை. அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். தன் குங்குமச் சிமிழை எடுத்துப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

"என் நெத்தியப் பாத்து எத்தன வருஷம் கிண்டல் பண்ணீங்க. அந்தக் குங்குமத்தையே திருடி ரோட்டுல வச்சிருக்கீங்க."

"பொதுநலனுக்காக."

"பொதுநலம் ஷட்டில் ஆடப் போறதுக்கா?"

நான் வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"சரி, ஏன் நிறுத்துனீங்க?"

"பழம் வெல ஏறிடுச்சு."

"சடையன் சொன்னதுக்கு அப்பறமா ஏறுச்சு?"

நறுக்கிய வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கினேன். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் காரமான வெங்காயம். எனக்கும் எரிந்தது.

ஏப்ரல் 4, சனி

தெருவில் பழம் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மினிபஸ் பழையபடி பறக்கிறது. மருதையின் மாடிக் குடித்தனம் காலி செய்யவில்லை. அந்த மட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

குழலி இன்று தானாகவே ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் கேட் வரை போனேன். ஓர் அடி எடுத்து வைத்திருப்பாள், வளைவிலிருந்து ஒரு பைக் வந்தது. எப்படி இழுத்தேன் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் கேட்டுக்குள் விழுந்து கிடந்தோம். மட்டை ரோட்டில் கிடந்தது. பின்னால் வந்த வேன் அதன் மேல் ஏறிப் போனது.

பயந்துவிட்டேன். இதற்குக் காரணம் ஏதும் எழுதத் தோன்றவில்லை. இவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது.

மாலையில் கடைக்குப் போய்ப் புது மட்டை வாங்கி வந்தேன். "எதுக்கு இது?" என்று கேட்டு வாங்கி, உறையோடு பீரோவின் மேல் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

குழலி தெருவில் வீடு வீடாகப் போய் வந்தாள், இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும். எதிர்ப்புறத்துக்காரர்களிடம் போனில் பேசினாள். என்ன விஷயம் என்று கேட்டேன். சங்கத்து விஷயம் என்றாள். செயலாளர் நான்தானே என்றேன். "இது செயலாளருக்குத் தெரியக்கூடாத விஷயம்" என்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

விழித்தபோது பக்கத்தில் குழலி இல்லை. பேப்பரை எடுக்கப் போனேன். டொக் என்று ஒரு சத்தம். மறுபடி டொக். பேப்பரைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன்.

எதிர்ப்புறம் வலைக்குப் பக்கத்தில் குழலி நிற்கிறாள். கையில் புது மட்டை. ஜெயசீலி டீச்சர் குனிந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். நடுவே ரோட்டில், இடது, வலது, இடது என்று மூன்று எலுமிச்சம்பழம். என்னைவிட நேர்த்தியாக வெட்டிக் குங்குமம் தடவியிருந்தது. மினிபஸ் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது.

மருதை தன் வாசலில் நின்று எனக்கு வணக்கம் வைத்தார். "அம்மா எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க சார். தெருவுக்குக் காவலா அவங்களே தெனம் வைக்கிறாங்களாம். சடையன் கட்டுனதுக்கு மேல இது ஒரு கட்டு. நல்லதுதான சார்."

"இத்தன நாளும் இதே பழத்துக்குத்தானய்யா பயந்தீங்க?"

"அது யார் வச்சதுன்னு தெரியாத பழம் சார், செய்வின. இது தெரிஞ்ச பழம், காவல்."

வெளியிலிருந்து வருகிற வண்டிக்காரனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அங்கேதான் இருக்கிறது குழலியின் கெட்டிக்காரத்தனம். எனக்கு இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் முட்டிக்குப் போடுகிற உறையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன். "மீறி வச்சான்னா" என்று சடையன் சொன்னது அப்போது பார்த்துத்தானா நினைவுக்கு வர வேண்டும்.

"குழலி, நீ ஏன் வச்ச? அந்த ஆளு சொன்னதக் கேட்டேல்ல?" என்று இங்கிருந்தே கத்தினேன்.

"வச்சவ வீட்டுப் பொம்பளைக்குத்தான திரும்பும்? வச்சதும் நான், பொம்பளையும் நான். எம்மேல எனக்கென்ன கோவம்? வாங்க இந்தப் பக்கம்."

ரோட்டில் இறங்கினேன். வண்டி எதுவும் வரவில்லை. காலடியில் முதல் பழம். அதை எந்தக் கடையில் வாங்கினோம் என்று எனக்குத் தெரியும். யார் வெட்டியது, குங்குமம் எந்தச் சிமிழிலிருந்து வந்தது என்பதும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்றால், புளிப்பைத் தவிர ஒன்றுமில்லை. அப்பா எனக்கு வைத்த பெயரும் எனக்கு நினைவிருந்தது.

நான் அதன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டாவதையும் சுற்றினேன், மூன்றாவதையும் சுற்றினேன். முட்டி உறையோடு மினிபஸ் போலவே நெளிந்து நெளிந்து போய்ச் சேர்ந்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெயசீலி டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

குழலி மட்டும் சிரிக்கவில்லை. உறையை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"ஒவ்வொரு பழத்துக்கும் பக்கத்துல ஒரு ஆள் போற அளவுக்கு வழி விட்டு வச்சேன், பாத்தீங்களா? நீங்க தாண்ட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

வீட்டுக்குத் திரும்பினேன், அதே வழியாக. பேப்பர் முழுவதையும் படித்தேன்.